சிப்பி மேட்டுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்

செபராங் பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

கல்விச் சுற்றுலா என்றால் நம் பிள்ளைகளின் பேருந்து கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கை நோக்கித்தான் கிளம்புகிறது. மெர்போக் அருங்காட்சியகத்தில் கோயிலின் அடித்தளத்தைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் பழைய கெடாவான கடாரத்தைப் பற்றியும் 1025-இல் இராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படையைப் பற்றியும் சொல்கிறார். அந்தப் பயணம் நிற்கக் கூடாது, தொடரட்டும். போகும் வழியில் சற்று விலகி, இன்னோர் இடத்திலும் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த இடத்தின் பெயர் குவார் கெப்பா.

பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாஸ் வட்டாரத்தில், மூடா ஆற்றுக்குத் தெற்கே, வீடுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே இருக்கிறது. நிபோங் திபாலிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே கோபுரமோ கல்வெட்டோ கிடையாது. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கரையில் வாழ்ந்த மக்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்த இடம் அது. மூன்று மேடுகள் இருந்தன. அந்தக் குப்பைக்குள்ளேயே தங்கள் இறந்தவர்களையும் அவர்கள் புதைத்தார்கள்.

நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு போதித்து ஓய்வு பெற்றவள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். என் பேத்தி இப்போது நம் பள்ளிகளில் ஒன்றில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்திய காலம் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அதைப் புத்தகப் படத்தில் பார்க்கிறார்கள்: குகை, தீ, கையில் கல்லோடு ஒரு மனிதன். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்தின் உண்மையான பொருள் நம் வட்டாரத்து மண்ணிலேயே கிடக்கும்போது நாம் ஏன் படத்தோடு நிறுத்த வேண்டும்?

முதலில் அந்த மேடுகளுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 1860-இல் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே தோண்டிப் பார்த்தார். அப்போதே சுண்ணாம்பு சுடுகிறவர்கள் சிப்பிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைச் சூளையில் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். கட்டடத்துக்கும் அது வேண்டும், கரும்பாலையில் சாற்றைத் தெளியவைக்கவும் வேண்டும். அந்தக் காலத்துச் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களால் நிறைந்திருந்தது, நம்மவர்கள் கப்பலேறி வந்து வெட்டிய கரும்பு அது. ஆக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த மேடுகள் சில தலைமுறைகளுக்குள் கரைந்துபோயின. 1934-இல் வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் வந்து எஞ்சியிருந்ததைத் தோண்டினார். மூன்று மேடுகளையும் பதிவு செய்தார். கல் கோடரிகள், அரைக்கும் கற்கள், பானை ஓடுகள், மீன் எலும்பு, காட்டு விலங்குகளின் எலும்பு எல்லாம் கிடைத்தன. மனித எலும்புகளின்மேல் செந்நிறக் கல்லின் பொடி தூவப்பட்டிருந்தது. அந்த எலும்புக்கூடுகள், ஏறக்குறைய 40 பேருடையவை, நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டன. அவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று பினாங்கு மாநில அரசு பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது.

அப்புறம் 2017 ஏப்ரலில், அங்கே தொல்லியல் காட்சியகம் கட்டுவதற்காக வேலை நடந்துகொண்டிருந்தபோது, மண்ணுக்குள் இன்னோர் எலும்புக்கூடு தெரிந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பத்திரமாக வெளிப்படுத்தினார்கள். பெண் ஒருத்தி. கைகள் மடக்கி வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் பானைகள், சுற்றிலும் சிப்பி. காலம் சுமார் 5,700 ஆண்டுகளுக்கு முன். இப்போது பினாங்குப் பெண் என்று அவளை அழைக்கிறார்கள். சோழரின் கப்பல் கடாரத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய நாலாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, மீனும் மட்டியும் தின்று வாழ்ந்து, பிரியமானவர்கள் கையால் அடக்கம் செய்யப்பட்டவள் அவள்.

அவள் எலும்பு இவ்வளவு காலம் எப்படி நிலைத்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊர் மண் அமிலத்தன்மை உள்ளது. ஓயாத மழை வேறு. சாதாரண மண்ணில் புதைத்த எலும்பு வெகு சீக்கிரம் கரைந்துவிடும். சிப்பி ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, அது அமிலத்தை முறித்துவிடுகிறது. சிப்பிக் குவியலுக்குள் இருந்ததால்தான் மனித எலும்பும் மீன் முள்ளும் தப்பின. தின்றுவிட்டுப் போட்ட ஓடுதான் தின்றவர்களையே காத்து வைத்திருக்கிறது. அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது. வினிகரில் ஓர் ஓட்டுத் துண்டைப் போட்டுக் குமிழி வருவதைக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே சிப்பி மேடு எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் மலாக்கா நீரிணையின் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. இன்றைக்கு வயலும் செம்பனையும் நிற்கும் தாழ்நிலத்தில் பெரும்பகுதி அப்போது சேறும் கண்டல் காடுமாக இருந்தது. பிறகு கடல் பின்வாங்கியது, ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டின, கரை மேற்கே நகர்ந்தது, மேடுகள் நிலத்துக்குள் நின்றுவிட்டன. நாம் வீடு கட்டி வாழும் இந்தத் தரையின் வயதை அந்தச் சிப்பிகள் சொல்கின்றன.

இனி அந்த மக்கள் நீர்வாழ் உயிர்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

குவார் கெப்பாவில் அதிகம் கிடைத்தது கெப்பா. சந்தையில் நாம் வாங்கும் அதே வழவழப்பான மட்டிதான். ஆற்று முகத்துவாரத்து மணலிலும் சேற்றிலும் புதைந்திருக்கும். அலை வற்றும் நேரம் பார்த்துப் போனால் கையாலோ குச்சியாலோ தோண்டி எடுத்துவிடலாம். காட்டுக்குள் பன்றி வேட்டைக்குப் போகிறவன் சில நாள் வெறுங்கையோடு திரும்புவான். மட்டி ஓடி ஒளியாது. கர்ப்பிணியும் கிழவியும் பத்து வயதுச் சிறுமியும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் அன்றைய சோற்றைச் சம்பாதித்துவிடலாம். வரலாற்றுக்கு முந்திய காலம் என்றாலே ஈட்டி ஏந்திய ஆணின் படத்தைப் போடுகிறோமே, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சேற்றில் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் படத்தையும் போட வேண்டும் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக அவர்களுக்கு மட்டி பொறுக்க மட்டும்தான் தெரியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனிதன் கடலைத் தேடிப் போன கதை மிகப் பழையது. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் குகையில் சுமார் 164,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர்கள் கடற்சிப்பி தின்றிருக்கிறார்கள். நம் பக்கம் வந்தால், தீமோர் தீவின் ஜெரிமலாய் குகையில் 42,000 ஆண்டுகளுக்கு முந்திய சூரை மீனின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. சூரை ஆழ்கடலில் வேகமாக ஓடும் மீன். கரையில் நின்றுகொண்டு அதைப் பிடிப்பது கடினம். மிதவையும் இருந்திருக்கும், கடலின் போக்கும் தெரிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே குகையில் சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளும் கிடைத்தது, வயது 16,000 ஆண்டுகளுக்கு மேல். பக்கத்திலுள்ள ஆலோர் தீவில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைப் புதைத்தபோது, சிப்பியில் செய்த தூண்டில் முட்களை அவளோடு வைத்திருக்கிறார்கள். மறு உலகத்திலும் அவள் மீன் பிடிக்க வேண்டும் என்று நினைத்தார்கள் போலும். மீன்பிடிப்பு ஆண்களின் வேலை என்று சொல்கிற பிள்ளையிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒரு சிப்பி உணவாக வந்து கருவியாக மாறும், நகையாகவும் மாறும். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் 75,000 ஆண்டுகளுக்கு முன் சின்னஞ்சிறு நத்தை ஓடுகளில் துளையிட்டு மணியாகக் கோத்திருக்கிறார்கள். நம் தமிழ் மரபில் சங்கு அறுத்து வளையல் செய்ததும், கொற்கையில் முத்துக் குளித்ததும் இந்த நெடிய வரிசையில் மிகப் பின்னால் வருபவை.

கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் பேராக் மனிதன் இருக்கிறார். பேராக் மாநிலத்து லெங்கோங்கில் உள்ள குவா குனோங் ருந்து குகையில், 1990களின் தொடக்கத்தில் பேராசிரியர் சுரைனா மஜிட் குழுவினர் அவருடைய எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவர். பிறவியிலேயே இடது கை குறைபாடு உள்ளவர். அப்படிப்பட்டவர் நடுத்தர வயதுவரை வாழ்ந்திருக்கிறார் என்றால் கூட இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறந்தபோது, ஆற்று நத்தை ஓடுகளைக் குவியல் குவியலாக அவரோடு வைத்துப் புதைத்தார்கள். நத்தைகளின் நுனி வெட்டப்பட்டிருந்தது. இன்றும் நம் சந்தையில் கிடைக்கும் சிப்புட் செடுட் என்ற நத்தையை அப்படித்தான் நுனி நறுக்கி, தேங்காய்ப் பாலில் சமைத்து, உறிஞ்சித் தின்கிறோம். பத்தாயிரம் ஆண்டு இடைவெளியிலும் நுனி நறுக்கும் பழக்கம் மாறவில்லை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

பேராக்கின் குவாலா செலின்சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை, காரணம் இது உங்கள் பூஜாங் பயணத்தோடு நேராகப் பொருந்துகிறது. மாத்தாங் கண்டல் காட்டுக்கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் வாழ்ந்து, மீனும் சிப்பியும் தின்று, மணிகள் செய்தார்கள். அங்கேதான் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பல்லவ எழுத்தில் பொறித்த சிறு முத்திரை ஒன்றும் கிடைத்தது. முத்திரையை மட்டும் எடுத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த சேற்றுக்கரை வாழ்க்கையை விட்டுவிட்டால் கதை பாதிதான். நம் நாட்டுக்கு வந்த கடல்வணிகரை வரவேற்றவர்கள் இந்தச் சேற்றையும் கடலையும் அறிந்த மக்கள்.

இங்கேதான் என் மனத்தில் உள்ளதைத் திறந்து சொல்ல வேண்டும். சில பெற்றோர்கள் என்னிடம் கேட்டார்கள்: “குவார் கெப்பாவில் நமக்கு என்னங்க டீச்சர் இருக்கு? அவங்க தமிழர் இல்லையே.” தமிழர் இல்லைதான். ஆனால் தோட்டத்து மக்களின் வரலாறு எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிமார் கல்வெட்டு வெட்டவில்லை. நாட்குறிப்பு எழுதவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தார்கள், அந்தப் பதிவேடும் பல இடங்களில் இன்று இல்லை. லயங்கள் இடிந்தன. பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. லயம் இருந்த இடத்தை எங்கேயாவது தோண்டினால் என்ன கிடைக்கும்? ரப்பர் பால் பிடித்த மங்கின் உடைந்த துண்டு, பீங்கான் தட்டின் ஓரம், தகர டப்பா, மீன் முள், நத்தை ஓடு. கல்வெட்டு வெட்டாத மக்கள் விட்டுச் சென்றது அதுதான். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை மட்டுமே தன் பாட்டியின் வாழ்க்கையையும் படிக்கும். அரசனும் கோயிலும்தான் வரலாறு என்று வளர்கிற பிள்ளை, தன் குடும்பத்துக்கு வரலாறே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வளரும். இதை நான் வகுப்பறையில் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

நம்மவர்களும் தண்ணீரில் கிடைத்ததைத் தின்றுதான் பிழைத்தார்கள். சம்பளம் பத்தாத மாதங்களில் தோட்டத்துக் கால்வாயில் விராலும் கெளுத்தியும் பிடித்தார்கள். மழை விட்டதும் பெண்கள் நத்தை பொறுக்கினார்கள். மூலத்துக்கு நல்லது என்று கிழவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்பார்கள். கடலோரத் தோட்டங்களில் நண்டுக்கு வலை வைத்தார்கள், மூங்கிலில் மீன் பிடிக்கும் பறி முடைந்தார்கள். இதெல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே சுற்றுலாவுக்கு முன்னால் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ பிள்ளைகள் கேட்டு வரட்டும்: சின்ன வயதில் ஆற்றிலும் கால்வாயிலும் என்ன பிடித்தீர்கள், எதை வைத்துப் பிடித்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள், எது இப்போது கிடைப்பதில்லை? அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வரட்டும். பறி என்ற சொல் தெரியாத தலைமுறை வந்துவிட்டது.

செலவில்லாத இன்னொரு காரியமும் செய்யலாம். காலைச் சந்தையில் கெப்பாவும், கெராங் என்ற வரியோட்டுச் சிப்பியும் கொஞ்சம் வாங்குங்கள். வேகவைத்துத் தின்றுவிட்டு ஓட்டைக் கழுவிப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஓட்டையும் அளந்து கணிதப் பாடத்தில் பட்டை வரைபடம் போடட்டும். ஆய்வாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மேட்டின் அடியிலிருந்து மேலே வர வர ஓடு சிறுத்துக்கொண்டே போனால், மக்கள் அளவுக்கு மீறி அள்ளியிருக்கலாம் என்று ஊகிப்பார்கள். வகை மாறினால் மணற்கரை சேற்றுக்கரையாக மாறியதா என்று தேடுவார்கள். ஓட்டில் தெரியும் வளர்ச்சிக் கோடுகளையும், அதில் அடங்கிய ஆக்சிஜன் வகைகளையும் ஆராய்ந்து, எந்தப் பருவத்தில் பொறுக்கினார்கள் என்றுகூடக் கணிப்பார்கள். மீனின் காதுக்கல்லிலும் மரத்தைப் போல வளையங்கள் உண்டு. கறி சமைக்கும் வீட்டில் கெளுத்தித் தலையிலிருந்து அந்தக் கல்லை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள், விடமாட்டான்.

அதே பாடத்தில் இன்றைய நிலையையும் பேசலாம். 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் ஜூரு ஆறு கெட்டு, குவாலா ஜூரு மீனவர்கள் பிழைப்பிழந்து போராடினார்கள். பிறகு அவர்களே கெராங் வளர்ப்பில் இறங்கினார்கள். 2010க்குப் பிறகு நாட்டின் கெராங் உற்பத்தி பெரிய அளவில் சரிந்தது, விலை ஏறியது. சார் குவேய் தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் கெராங் எண்ணிப் போடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். ஆறாயிரம் ஆண்டு உணவு ஒன்று நம் கண்முன்னே தட்டிலிருந்து போய்க்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் அளந்து பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். குவார் கெப்பாவிலிருந்து ஒரு சிப்பித் துண்டைக்கூடப் பிள்ளைகள் எடுத்து வரக் கூடாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இடத்தைவிட்டு எடுத்த சிப்பி எதையும் சொல்லாது. எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு. சுண்ணாம்புச் சூளை அழித்தது போக மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஜப்பானில் 1877-இல் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் ரயிலில் போகும்போது ஓமோரி என்ற இடத்தில் சிப்பி மேட்டைக் கண்டார். அந்த நாட்டின் தொல்லியலே அங்கிருந்து தொடங்கியது என்பார்கள். இன்று அது பூங்கா, பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அமெரிக்காவின் எமரிவில் நகரில் இருந்த பெரிய சிப்பி மேட்டை 1924-இல் தரைமட்டமாக்கினார்கள், இப்போது அங்கே கடைத்தொகுதி இருக்கிறது. நம்முடையது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிள்ளைகளின் பேருந்துகள் அங்கே தொடர்ந்து வந்து நின்றால் அதைக் காப்பவர்களுக்குக் கை வலுக்கும். காட்சிப் பலகைகளில் தமிழிலும் விளக்கம் வேண்டும் என்று மாநில அரசிடம் கேட்பதற்கும், அப்போதுதான் நமக்கு வாய் இருக்கும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாகச் சேருங்கள். முதலில் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போதும். காலையில் குவார் கெப்பா, மதியத்துக்குமேல் மெர்போக் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம், பேருந்துச் செலவும் அவ்வளவாக அதிகரிக்காது. முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தை மலாயில் நானே தயாரித்துத் தருகிறேன். பிள்ளைகளுக்கான வினாத்தாளும் எழுதித் தருகிறேன். எந்தப் பள்ளி அழைத்தாலும் கூட வருவேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரு மாணவியின் பாட்டி
நிபோங் திபால்